ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மூன்று சாமிகள்

திருச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஸ்ரீரங்கத்துக்கு எந்த பஸ்?" உள்ளூர்க்காரர்கள் யோசிக்காமல் சொல்கிற பதில், "ஒண்ணாம் நம்பர்!" இந்த ஊரில் அதைவிடச் சுலபமான கேள்வியும் கிடையாது, அதைவிட நிச்சயமான பதிலும் கிடையாது. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால் (உட்கார இடம் கிடைத்தால்) மெயின் கார்டு கேட், சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச் சாலை, திருவானைக்கா, ஸ்ரீரங்கம். அவ்வளவுதான். தூங்கிவிட்டாலும் கவலையில்லை. அதே பஸ் திரும்ப உங்களை சென்ட்ரலில் கொண்டுவந்து விட்டுவிடும்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று தேடுகிற புத்தி. அந்தப் புத்தியோடு இந்த ரூட்டைக் கணக்குப் பார்த்தால் ஒரு விசேஷம் தெரியும். சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை ஆறேழு கிலோமீட்டர்தான். அதற்குள் மூன்று பெரிய கோயில்கள். மூன்றிலும் ஓர் ஆண், பெண்ணாகிறார். ரகசியமாக அல்ல, மேளதாளத்தோடு, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு! நாமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறோம்.

வாருங்கள், ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்கிப் பார்க்கலாம்.

முதல் ஸ்டாப்: மலைக்கோட்டை

கடைத்தெரு நெரிசலில் நீந்தி, தெப்பக்குளத்தைத் தாண்டி, மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டு ஏற ஆரம்பித்தால் நானூற்றுச் சொச்சம் படிகள். நடு வழியில் தாயுமானவர் சந்நிதி. உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கிற அவசரத்தில் பலர், "இவரை இறங்கும்போது பார்த்துக்கலாம்" என்று மேலே போய்விடுவார்கள். இறங்கும்போது நடை சாத்தியிருக்கும். அல்லது முழங்கால் சாத்தியிருக்கும்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ரத்தினாவதி என்று ஒரு செட்டிப் பெண். நிறை கர்ப்பிணி. பிரசவம் பார்க்க அவளுடைய அம்மா பூம்புகாரிலிருந்து கிளம்பி வருகிறாள். வழியில் காவிரியில் வெள்ளம். ஆற்றைக் கடக்க முடியவில்லை. (மாமியார் வர லேட்டாகும் என்றால் காவிரிக்கு நன்றி சொல்கிற நண்பர்கள் என் ஆபீஸில் உண்டு. அது வேறு கதை.) இங்கே வலி வந்துவிட்டது. கூட ஆளில்லை. அந்தப் பெண் நம்பிக் கும்பிட்ட சிவன் என்ன செய்தார்? வெள்ளத்தை வற்ற வைக்கவில்லை. அசரீரியாக ஆறுதல் சொல்லவில்லை. புடவை கட்டிக்கொண்டு, அந்த அம்மாவாகவே வீட்டுக்குள் வந்துவிட்டார். பிரசவம் பார்த்தார். குழந்தையைக் குளிப்பாட்டினார். மருந்து இடித்துக் கொடுத்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா மூட்டையோடு வந்து நின்றபோதுதான் ரகசியம் உடைந்தது. ஒரே வீட்டில் இரண்டு அம்மா!

அன்றிலிருந்து அவர் பெயர் தாயும் ஆனவர். சித்திரைத் திருவிழாவில் இந்தக் கதையை 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இன்றைக்கும் நடத்திக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். திருச்சிப் பள்ளிக்கூடங்களில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒரு தாயுமானவனாவது இருப்பான். என் வகுப்புத் தாயுமானவன் கபடி டீம் கேப்டன். கையைப் பிடித்தால் விடமாட்டான். அவன் பெயருக்கு அர்த்தம் 'அம்மாவாகவும் ஆனவன்' என்று யாரும் அவனைக் கிண்டல் செய்ததில்லை. செய்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருக்க மாட்டோம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெற்றவள் வேறொருத்தி. ஆனால் அந்த நேரத்தில் அம்மாவின் வேலையைச் செய்தவருக்கு, அம்மா என்ற பெயரையே கொடுத்துவிட்டது இந்த ஊர். இதை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இரண்டாவது ஸ்டாப்: திருவானைக்கா

பாலத்தைத் தாண்டினால் தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஜம்புகேஸ்வரர். பஞ்சபூதத் தலங்களில் இது நீர். லிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும்.

இங்கே உச்சிக்காலப் பூஜை நேரத்தில் போக வேண்டும். அம்பாள் சந்நிதி அர்ச்சகர், அகிலாண்டேஸ்வரியின் புடவையை உடுத்தி, கிரீடம் வைத்துக்கொண்டு, மேளதாளத்தோடு சுவாமி சந்நிதிக்கு நடந்து வருவார். ஈசனுக்குப் பூஜை செய்வார், கோபூஜை செய்வார், திரும்பிப் போவார். அம்பாளே இங்கு தினமும் வந்து சிவனைப் பூஜிப்பதாக ஐதீகம். அதனால் அந்த அரைமணி நேரம் அவர் அர்ச்சகர் இல்லை, அம்பாள். வயசான பாட்டிகள் அவரைப் பார்த்துக் கை கூப்புகிறார்கள். சின்னப் பையன்கள் சிரிப்பதில்லை. வேஷ்டியே இடுப்பில் நிற்காமல் பெல்ட் போடுகிற நம்மைப் போன்றவர்கள், அவர் புடவையில் நடக்கிற கம்பீரத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்படலாம்.

வருஷத்தில் ஒரு நாள் அல்ல, தினசரி நடக்கிறது. பங்குனிப் பஞ்சப்பிராகார விழாவில் இன்னும் ஒரு படி மேலே: சுவாமி பெண் வேடத்திலும், அம்பாள் ஆண் வேடத்திலும் பிராகாரம் சுற்றி வருகிறார்கள்.

இந்தக் கோயிலில் சுவாமிக்கும் அம்பாளுக்கும் திருக்கல்யாண உற்சவம் கிடையாது என்பது இன்னொரு விசேஷம். இங்கே சிவன் குரு, அம்பாள் சிஷ்யை. அந்த உறவுக்குத் தாலி தேவைப்படவில்லை.

கடைசி ஸ்டாப்: ஸ்ரீரங்கம்

"ரெங்கநாதர் கோயில் எல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் பஸ்ஸைத் தட்டியதும் அப்படியே கூட்டத்தோடு போனால் போதும், கால் தானாக ரங்கா ரங்கா கோபுரத்துக்குப் போய்விடும்.

வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறப்பது ஊருக்கே தெரியும். அதற்கு முந்தின நாள், பகல் பத்தின் பத்தாவது நாள், விவரம் தெரிந்தவர்களுக்கான நாள். அன்றைக்கு நம்பெருமாளுக்கு மோகினி அலங்காரம். நாச்சியார் திருக்கோலம் என்பார்கள். அமுதம் பங்கிட வந்த அழகி. அர்ஜுன மண்டபத்தில் அவர் வீற்றிருக்கிற அழகைப் பார்க்க ஜனம் நெட்டித் தள்ளும். கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு மாமா, "தாயாரே பொறாமைப்படுவா, பாருங்கோ!" என்றார், ஏதோ தன் வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பூரிக்கிற மாதிரி.

பெருமாள் மட்டுமில்லை. அவரைப் பாடிய ஆழ்வார்களும் அப்படித்தான். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பெருமாளை நினைத்து உருகுவார். திருமங்கையாழ்வாரோ படை நடத்தியவர். கோயில் கட்ட வழிப்பறியே செய்தவர் என்பது கதை. அந்த வழிப்பறியை இராப் பத்தின் எட்டாம் நாள் 'வேடுபறி' என்று கோயிலில் நடத்தியே காட்டுகிறார்கள். அவரும் பரகால நாயகியாகிக் காதலில் கரைந்தவர். மீசை முறுக்கிய மனுஷன், பெண் குரலில் ஏங்குகிறார்! அந்தப் பாசுரங்களை அரையர்கள் அபிநயத்தோடு சேவிக்கும்போது ஊரே கண் கலங்குகிறது.

நிற்க.

பெருமாள் திருநங்கை, சிவன் திருநங்கை என்று நிரூபிக்க நான் வரவில்லை. அப்படி எழுதினால் ஆசிரியருக்கு வருகிற கடிதங்களை அடுக்க இன்னொரு பீரோ வாங்க வேண்டியிருக்கும். பக்தி வேறு, வாழ்க்கை வேறு என்பதும் தெரியும். இந்த ரூட்டில் நான்காவதாக ஒருவர் ஏறுகிறார்; அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

பக்கத்து ஸீட்

அவர் சத்திரத்தில் ஏறுவார். ஐம்பது வயசு இருக்கும். நல்ல உயரம். காட்டன் புடவை, நெற்றியில் வட்டப் பொட்டு, கையில் ஒயர் கூடை. அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று 2021-ல் அறிவித்தார்களே, அடுத்த சில வாரங்களிலேயே திருநங்கைகளுக்கும் அதை நீட்டித்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். அரசாங்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. இனி நம் வேலை.

அவர் ஜன்னலோரம் உட்காருகிறார். பஸ் நிரம்புகிறது. கம்பியில் தொங்குகிறார்கள். படிக்கட்டில் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அவர் பக்கத்து ஸீட் மட்டும் காலி! மத்தியான வெயிலில், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், காலி ஸீட்! இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று புரியும். பாதிப் பேர் அப்போதுதான் திருவானைக்காவில் புடவை கட்டிய அர்ச்சகரைக் கும்பிட்டு வந்தவர்கள்.

ஒரு நாள் அந்த ஸீட்டில் உட்கார்ந்தேன். சமூகப் புரட்சி எல்லாம் இல்லை, கால் வலி. இரண்டு ஸ்டாப் வரை இருவரும் பேசவில்லை. மூன்றாவது ஸ்டாப்பில் அவரே, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். பிறகு சத்திரம் டீக்கடையில் பார்த்தால் பேசுகிற அளவுக்குப் பழக்கமாயிற்று. மோகினி அலங்காரம் பற்றி நான் அளந்தபோது பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சாமிக்குப் பொழுது சாஞ்சா அலங்காரத்தைக் கலைச்சிடுவாங்க தம்பி. எங்களுக்கு இது அலங்காரம் இல்ல. நாங்களே இதுதான்."

டீ ஆறிப்போகும் வரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மா ஒருத்தி, வீடு ஒன்று

பெற்ற வீட்டுக் கதவு சாத்திக்கொண்டால் ஒரு மனுஷி எங்கே போவாள்? திருநங்கைகள் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஜமாத். மூத்த திருநங்கை ஒருவர், புதிதாக வருகிறவரைப் பெரியவர்கள் முன்னிலையில் மகளாகத் தத்தெடுத்துக்கொள்வார். அவர் அம்மா, அம்மாவின் அம்மா ஆயா, நானி, அதே அம்மாவின் மற்ற மகள்கள் அக்கா, தங்கை. பெரியவர்களைப் பார்த்தால் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டும். சண்டை வந்தால் பஞ்சாயத்து உண்டு, அபராதம் உண்டு. நம் கூட்டுக் குடும்பங்களில் இருந்த எல்லா அன்பும், எல்லாத் தலைவலியும் அங்கேயும் உண்டு. நம் குடும்பங்கள் ரத்தத்தால் சேர்கின்றன. அவர்களுடையது சொல்லால் சேர்கிறது.

ஆபரேஷன் முடிந்தவருக்கு நாற்பது நாள் ஓய்வு. நாற்பதாம் நாள் மஞ்சள், மருதாணி, புதுப் புடவை, மாதாவுக்குப் பூஜை, பால் குடம். ஒரு பெண் பெரியவளானால் வீட்டில் என்ன செய்வார்களோ, கிட்டத்தட்ட அதேதான். அந்தப் பெண்ணுக்கு அதைச் செய்யப் பெற்ற வீடு இல்லை. ஜமாத் அம்மா செய்கிறார்.

சித்திரைப் பௌர்ணமி வந்தால் திருச்சியிலிருந்தும் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவார்கள். மெட்ராஸ் ரோட்டில் உளுந்தூர்பேட்டைப் பக்கம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூவாகம். களப்பலிக்குத் தயாரான அரவானுக்குக் கல்யாண ஆசை. விடிந்தால் சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணரே மோகினியாகி ஒரு ராத்திரி மனைவியானார். ஸ்ரீரங்கத்தில் பார்த்த அதே மோகினி, கதைதான் வேறு. பௌர்ணமி இரவு கூத்தாண்டவர் கோயில் பூசாரி கையால் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வார்கள். நேர்ந்துகொண்ட கிராமத்து ஆண்களும் கட்டிக்கொள்வார்கள். மறுநாள் தேர். அரவான் களம் புகுந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி.

"ஒரு ராத்திரிப் புருஷனுக்கு எதுக்குக்கா அவ்வளவு அழுகை?" என்று கேட்டேன்.

"அரவானுக்கு மட்டுமா அழுவுறோம்? வருஷம் பூரா அழ முடியாததை எல்லாம் அன்னிக்கு ஒரு நாள் அழுதுக்கறோம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கள்ல?"

திருச்சி செய்த இரண்டு காரியங்கள்

ஊரைக் குறை மட்டும் சொன்னால் பாவம். வரவுப் பக்கத்திலும் எழுத வேண்டியது உண்டு.

2007-ல் 'நான், வித்யா' என்று ஒரு தன்வரலாறு வந்தது. எழுதியவர் லிவிங் ஸ்மைல் வித்யா, திருச்சியில் பிறந்தவர். எம்.ஏ. மொழியியல் படித்துவிட்டு, பெண்ணாக வாழ்வதற்காகப் புனே ரயில்களில் கை நீட்டியதை அந்தப் புத்தகத்தில் ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். பிறகு மதுரையில் ஆபீஸ் வேலை. நம்மைப் போலவே ஒன்பது மணிக்கு வந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மாசக் கடைசியில் சம்பளம் வாங்குகிற சாதாரண வேலை. அந்தச் சாதாரணத்துக்காக அவர் பட்ட பாட்டைப் படித்தால், திங்கள்கிழமை காலையில் 'ஐயோ, ஆபீஸா' என்று அலுத்துக்கொள்ள வாய் வராது. அந்தக் கதை கன்னடத்தில் படமாகி, நாயகன் சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருதும் கிடைத்தது.

இன்னொன்று, டெல்லியில். ராஜ்ய சபா உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா. தனிநபர் மசோதாக்கள் என்பவை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் பிறந்து வெள்ளிக்கிழமை மத்தியானங்களிலேயே இறந்துபோகிறவை. இது 2015 ஏப்ரல் 24-ம் தேதி ராஜ்ய சபாவில் நிறைவேறியது. நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு சபையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா! லோக் சபாவைத் தாண்டிச் சட்டமாகவில்லை. அரசு தன் சொந்தச் சட்டத்தை 2019-ல் கொண்டுவந்தது. இருந்தாலும் கதவை முதலில் தட்டியது ஒரு திருச்சிக் கை.

தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15-ம் தேதி, இந்தியாவிலேயே முதலாக, திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது. 'திருநங்கை' என்ற சொல் பரவியதும் அந்த வருஷங்களில்தான். அதற்கு முன் நம் பத்திரிகை ஜோக்குகளிலும் சினிமா காமெடியிலும் என்ன சொல் ஓடியது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

ஊடலுக்கு நடுவர்

இதுவரை சொன்னவர்களுக்காவது ஒரு ஜமாத் உண்டு, ஒரு கூவாகம் உண்டு. சடங்கே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆணை விரும்புகிற ஆண், பெண்ணை விரும்புகிற பெண். அவர்களுக்குக் கை தட்டும் அடையாளம் கிடையாது. உங்கள் ஆபீஸில் நாலாவது டேபிளில் உட்கார்ந்து, "என்னப்பா, கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்று நாம் கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்புகிறானே, அவனாக இருக்கலாம். லேடீஸ் ஹாஸ்டலில் ஏழு வருஷமாக ஒரே அறையில் இருக்கிற இரண்டு பேராக இருக்கலாம்.

ஸ்ரீரங்கத்துக்குப் பங்குனியில் போயிருக்கிறீர்களா? நம்பெருமாள் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை தந்துவிட்டு வருவார். பங்குனி உத்திரத்தன்று தாயார் சந்நிதிக்குப் போனால் கதவு திறக்காது. "மோதிரம் எங்கே?" என்பது கேள்வி. பூப்பந்து பறக்கும், பழம் பறக்கும். பிரணய கலகம், மட்டையடி என்று பெயர். கடைசியில் நம்மாழ்வார் நடுவராக வந்து சமாதானம் செய்து வைத்ததும், வருஷத்தில் ஒரே ஒரு நாள் பெருமாளும் தாயாரும் சேர்த்தி. அந்தச் சேர்த்தியைப் பார்க்க எத்தனை கூட்டம்! ஒரு ஜோடி சேர்ந்திருப்பது ஊருக்கே மங்களம் என்பதுதானே இதன் அர்த்தம்?

மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு ஓடியபோது, பெற்றோர் பக்கத்திலிருந்து வந்தது போலீஸ் புகார். அந்த வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு காரியம் செய்தார். தீர்ப்பு எழுதும் முன் தாமே ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு வந்தார். 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவில் இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். 'மாற்றுகிறேன் பேர்வழி' என்று நடத்தும் சிகிச்சைகளுக்கும் தடை விதித்தார். ஊடலுக்கு நடுவர் வருவது ஆழ்வார் காலத்தோடு முடிந்துவிடவில்லை!

அதற்கு முன்பே, 2019 ஏப்ரலில், திருச்சிக்கும் எல்லையான மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லி, தூத்துக்குடி ஜோடி ஒன்றின் திருமணத்தைப் பதிவு செய்ய வைத்தார். 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம், அதே சுவாமிநாதனும் லக்ஷ்மிநாராயணனும் இருந்த அமர்வு, பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணை விடுவித்தபோது சொன்னது முக்கியமானது. குடும்பம் அமைய ஒரே வழி திருமணம் அல்ல. தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்றும் ஒன்று உண்டு.

உறவு முறை என்ற கட்டம்

அந்த அக்காவைக் கொஞ்ச நாள் பஸ்ஸில் காணவில்லை. பிறகு டீக்கடையில் பார்த்தபோது மெலிந்திருந்தார். அவருடைய ஜமாத் அம்மா இறந்துவிட்டார். கடைசி இரண்டு மாசம் மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, ராத்திரி கண் விழித்துப் பார்த்துக்கொண்டவர் இவர்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கையெழுத்துப் போட ஆள் கேட்டார்களாம்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"மகள்."

"சொந்த மகளா?"

இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. கூவாகத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

எனக்கு மலைக்கோட்டை ஞாபகம் வந்தது. வெள்ளத்தைத் தாண்டி ஒரு அம்மா வந்து நின்றாளே, அன்றைக்கு ரத்தினாவதி வீட்டு வாசலில் யாராவது சிவனை வழிமறித்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? சொந்த அம்மாவா?" என்று கேட்டிருந்தால்? குழந்தை பிறந்திருக்குமா? கோயில்தான் வந்திருக்குமா?

இளைஞர்களே, ஆபீஸ் நண்பர்களே, உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நாம் எல்லோரும் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு படிவம் நிரப்புகிறோம். 'நாமினி பெயர்' என்று ஒரு கட்டம். பக்கத்திலேயே 'உறவு முறை' என்று இன்னொரு கட்டம். நாம் பேனாவை எடுத்ததும் அப்பா, அம்மா, மனைவி என்று எழுதி, நாலு நொடியில் கையெழுத்துப் போட்டு, கேன்டீனுக்குப் போய்விடுகிறோம். அந்தக் கட்டத்தின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கணக்குப் படித்தவன் என்ற முறையில் விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.எஃப்.பில் சட்டப்படியான குடும்பம் உள்ளவர், அதற்கு வெளியே யாரையும் நாமினியாக எழுத முடியாது. குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் எழுதலாம். பேங்க் விஷயம் வேறு. இப்படிப்பட்ட ஜோடிகள் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கவோ, ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவோ தடையே இல்லை என்று 2024 ஆகஸ்ட் 28-ல் மத்திய நிதி அமைச்சகம் தெளிவாக எழுதிவிட்டது. ரேஷன் கார்டிலும் அவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று அதையொட்டி மாநிலங்களுக்குக் கடிதம் போயிற்று. இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தால்தான் பிரயோஜனம். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார்? பல சமயம், இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்கள்தான்.

அதனால் நாளைக்கு உங்கள் கவுன்ட்டருக்கு ஒருவர் வந்து, படிவத்தை நீட்டி, உறவு முறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தயங்கினால், மேலும் கீழும் பார்க்காதீர்கள். பக்கத்து டேபிளைப் பார்த்துக் கண்ணடிக்காதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். "யாரை எழுதணும், சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள்.

பெற்றவரில்லை; ஆனாலும் வலி வந்த நேரத்தில் கூட இருந்து, மருந்து இடித்துக் கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கு என்ன பெயர் என்று மற்ற ஊர்க்காரர்கள் வேண்டுமானால் அகராதியைப் புரட்டட்டும். திருச்சிக்காரர்கள் தேட வேண்டியதில்லை. தலையைத் தூக்கி மலையைப் பார்த்தால் போதும்.